இரவு ஆறாத ஊரில் எடல்வைஸ்

2024 மே 11, காலை ஆறே கால் மணி. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 'அ' என்று பெயரிட்ட தொட்டியில், ஆல்ப்ஸ் மலைப்பூவான எடல்வைஸ் செடி செத்துக் கிடந்தது. வாடவும் இல்லை, கருகவும் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் வரை சாம்பல் கலந்த பச்சையில் அடக்கமாக உட்கார்ந்திருந்த இலைக்கொத்து, தொட்டதும் அப்படியே கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் பழுப்பாகி நூல்நூலாகப் பிரிந்தது. நோட்டில் எழுதினேன்: "நிழல் இருந்தது. மண் ஈரம் அளவாக இருந்தது. நேற்று மதியம் வேர்ச்சூடு 30. பின் ஏன்?"

அந்த 'ஏன்'-க்கு ஒரு பதில் கிடைக்க இன்னும் மூன்று மாதம் பிடித்தது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தியவனுக்கு இது கொஞ்சம் வெட்கக்கேடுதான். செடியைக் கொன்றது வேலூர் வெயில் என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். வெயில் மேல் பழி போட்டது தப்பு. எப்படித் தப்பு என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

ஆரம்பம் ஒரு நாணயம். அக்கா மகன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டும் பிரிவில் இருக்கிறான். வேலை விஷயமாக ஆஸ்திரியா போய்விட்டு வந்தவன் சாக்லேட்டோடு ஒரு 2 சென்ட் காசையும் கொடுத்தான். செம்பு நிறம், நம் பழைய பத்து பைசாவைவிடச் சின்னது. ஒரு பக்கம் நட்சத்திரம் மாதிரி ஒரு பூ. "மாமா, இது அவங்க ஊர் மலைப்பூ. உங்களால வளர்க்க முடியுமா பாருங்க" என்றான். விதை கொண்டு வந்தாயா என்று கேட்டேன். "கடையில தொங்கிச்சு மாமா. ஏர்போர்ட்ல வம்பாயிடும்னு விட்டுட்டேன்." சரியாகத்தான் செய்திருக்கிறான். வெளிநாட்டு விதையை இந்தியாவுக்குள் கொண்டுவர 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பையில் போட்டு எடுத்து வருகிற சமாச்சாரம் இல்லை.

எடல்வைஸ் என்றால் ஜெர்மன் மொழியில் 'உன்னத வெள்ளை' என்று பொருள். சூரியகாந்தி, சாமந்தி, மூக்குத்திப் பூண்டு இருக்கிற அதே குடும்பம். பேரினத்தின் பெயர் லியோண்டோபோடியம். கிரேக்கத்தில் சிங்கத்தின் பாதம். பூவைப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும், ரோமம் மூடிய பாதம் மாதிரிதான் இருக்கும். நாம் வெள்ளை இதழ் என்று நினைப்பது இதழே இல்லை, பூவடி இலைகள். நடுவில் மஞ்சளாகப் பொத்தான் பொத்தானாக இருப்பதுதான் பூக்கொத்து. பொத்தான் ஒவ்வொன்றிலும் ஏராளமான நுண்பூக்கள். காகிதப்பூச் செடியில் வண்ண இலை எப்படி நம்மை ஏமாற்றுகிறதோ, அதே வித்தை.

ஆல்ப்ஸ் மலையில் பெரும்பாலும் 1800-இலிருந்து 3000 மீட்டர் உயரம் வரை, சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் வளரும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பூக்கும். காதலிக்குப் பறித்து வர ஏறிப் பாறையில் வழுக்கிச் செத்த இளைஞர்கள் கதை அந்த ஊர்களில் நிறைய உண்டு. பறித்துப் பறித்தே தீர்ந்துவிடும் என்று பயந்து, சுவிட்சர்லாந்தின் ஒப்வால்டன் மாநிலம் 1878-லேயே இதைக் காக்கச் சட்டம் போட்டது. ஐரோப்பாவின் சின்னமாக ஆகிவிட்டதே தவிர, இந்தப் பேரினத்தின் இனங்களில் பெரும்பாலானவை ஆசியாவில்தான் இருக்கின்றன. திபெத், சீனா, நம் இமயமலை. லடாக் பக்கம் போகிறவர்கள் காலடியில் பார்த்திருப்பார்கள், பெயர் தெரியாமல் தாண்டியிருப்பார்கள்.

வேலூரின் உயரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 220 மீட்டர். ஆக, இந்தச் செடியைக் குறைந்தது ஒன்றரைக் கிலோமீட்டர் கீழே இறக்கி, அதையும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வைத்து வளர்க்கும் காரியம் இது. அக்கா மகனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை?

முதலில் விதை கிடைக்க வேண்டுமே. ஆன்லைனில் ஒரு கடையில் பாக்கெட் வாங்கினேன். அட்டையில் நீல நிற எடல்வைஸ் படம். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும், இந்தப் பூவில் நீலம் கிடையாது. உள்ளே கறுப்பாக, உருண்டையாக, பளபளவென்று இருபது விதை. நிஜ எடல்வைஸ் விதை பழுப்பாக, ஒரு மில்லிமீட்டர் நீளத்தில், முனையில் மெல்லிய மயிர்க்குஞ்சத்தோடு இருக்கும். மூச்சு விட்டால் பறக்கும். இது கீரை விதை மாதிரி இருக்கிறதே என்ற சந்தேகத்தோடுதான் போட்டேன். மூன்றாம் நாளே முளைத்தது. முப்பதாம் நாள் சந்தேகம் தீர்ந்தது, சுத்தமான தண்டுக்கீரை. மனைவி கடைந்து கொடுத்தாள். "ஏங்க, இருநூறு ரூபாய்க்குக் கீரை வாங்கின ஆளு நம்ம தெருவுல நீங்க ஒருத்தர்தான்" என்றாள்.

அப்புறம் ஊட்டியில் மலைச்செடிகள் வளர்க்கும் ஒரு பழைய நண்பர், தன் செடியிலிருந்து எடுத்த விதையைத் தபாலில் அனுப்பினார். ஊட்டி 2240 மீட்டர். அங்கேயே அவர் மழைக்காலத்தில் செடிக்கு மேல் பிளாஸ்டிக் கூரை போட்டுத்தான் காப்பாற்றுகிறார். "குளிர் உனக்குப் பிரச்சினையாக இருக்கும்னு நினைக்காதே. ஈரம்தான் பிரச்சினை" என்று கடிதத்தில் ஒரு வரி. படித்தேன், மறந்தேன்.

முதல் வருஷத்துத் தோல்வியை விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2022 அக்டோபரில் விதையை ஈரமான டிஷ்யூ காகிதத்தில் மடித்து, பழைய ஊறுகாய் டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் நான்கு வாரம் வைத்தேன். பனிக்காலம் முடிந்துவிட்டது என்று விதையை நம்ப வைக்கும் ஏற்பாடு இது. நவம்பர் 13 விதைத்தேன். மேலே மண் போடக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். ஒன்பதாம் நாள் முதல் முளை. டிசம்பர் தொடக்கத்தில் 22 நாற்று. 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்து நம் பக்கம் வந்தது. மூன்று நாள் சூரியனே இல்லை, காற்றில் பிழிந்தால் சொட்டும் ஈரம். 15-ஆம் தேதி எண்ணியபோது மிச்சம் நான்கு. மற்றவை தரைமட்டத்தில் இடுப்பொடிந்து விழுந்திருந்தன. நாற்றழுகல். வளர்த்ததோ கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள் கலவையில். அது தண்ணீரைப் பஞ்சு மாதிரி பிடித்து வைக்கும். கத்தரி நாற்றுக்கு அது வரம், பாறையிடுக்குச் செடிக்கு எமன். மிஞ்சிய நான்கையும் கறுப்பு குரோ பேகில் மாற்றினேன். ஏப்ரலில் ஒரு மதியம் இரண்டு மணிக்கு மண்ணுக்குள் வெப்பமானி சொருகிப் பார்த்தால் 48 டிகிரி. அது மண் இல்லை, அடுப்பு. அந்த மாதமே நான்கும் போயின.

இந்த இரண்டு சாவுக்கும் காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அதனால் இரண்டாவது வருஷம் அந்த இரண்டையும் சரி செய்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். இந்த ஆய்வின் மெயின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

மண்ணை மாற்றினேன். கால் இஞ்ச் கருங்கல் சிப்ஸ் இரண்டு பங்கு, நான்கு தடவை கழுவி மாவு போக்கிய எம் சாண்ட் ஒரு பங்கு, சலித்த இலைமக்கு ஒரு பங்கு. கழுவுவதில் சோம்பல் கூடாது. எம் சாண்டில் இருக்கும் மாவு அடியில் போய்ச் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். நம் ஊர் மலை கருங்கல், சுண்ணாம்பு இல்லை. அதனால் வயல் வரப்பில் கிடைக்கிற சுக்கான் கல்லை உடைத்து ஒரு கைப்பிடி சேர்த்தேன். உரம் எதுவும் போடவில்லை. எடல்வைஸைக் கொழுத்த மண்ணில் வைத்தால் பச்சையாக நெட்டையாகப் போய் ரோமம் குறைந்துவிடும். பட்டினியில்தான் அழகு. செடியின் கழுத்தைச் சுற்றி அரை இஞ்ச் உயரத்துக்கு வெறும் சிப்ஸ் பரப்பினேன், இலை ஈர மண்ணைத் தொடாமல் இருக்க. தண்ணீர் எப்போதும் கீழிருந்துதான்: தட்டில் ஊற்றி, பத்து நிமிடம் உறிஞ்ச விட்டு, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

தொட்டியையும் மாற்றினேன். பெரிய மண்தொட்டிக்குள் சின்ன மண்தொட்டி, இடையில் மணல், அந்த மணலுக்கு மட்டும் காலை மாலை தண்ணீர். பானைத் தண்ணீர் குளிரும் அதே தத்துவம். ஏப்ரல் மதியத்தில் குரோ பேக் 48 காட்டிய இடத்தில் இரட்டைத் தொட்டியின் உள்மண் 29, 30-ஐத் தாண்டவில்லை. இதைப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நாள் தலைகால் புரியாமல் ஆடினேன் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

2023 அக்டோபர் 22 விதைப்பு. ஐம்பதில் 31 முளைத்தன. நல்லதாக 14 நாற்றைப் பிரித்து நட்டேன். ஜனவரி பிறந்தபோது ஒன்பது நின்றன. அந்த மாதம் மாடியில் அதிகாலை 17, 18 டிகிரி வரை இறங்கியது. செடிகள் குஷியாக இருந்தன. கட்டைவிரல் அகலத்துக்கு இலைக்கொத்து, மேலே சாம்பல் பூத்த மாதிரி ரோமம். அந்த ரோமம் சும்மா அழகுக்கு இல்லை. மலை உச்சியில் புற ஊதாக் கதிர் அதிகம். இழைகளின் நுண்ணமைப்பே அந்தக் கதிரை விழுங்கிவிடுகிறது என்று பெல்ஜிய இயற்பியலாளர்கள் 2005-இல் காட்டினார்கள். கூடவே, இலையை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப்படலத்தை அசையாமல் பிடித்து வைத்து, உலர்ந்த மலைக்காற்று ஈரத்தை உறிஞ்சாமல் தடுக்கும். இதே குணம் நம் ஊரில் பாதகமாகத் திரும்பும் என்பது அப்போது உறைக்கவில்லை.

போகியன்று வீட்டில் காப்பு கட்டினார்கள். மனைவி பிறந்த ஊர் தர்மபுரி, பொங்கலுக்குப் பூளைப்பூ இல்லாமல் முடியாது. பக்கத்துக் காலி மனையில் கருங்கல் குவியலுக்கு நடுவில் சிறுபூளை வெள்ளை வெளேரென்று பஞ்சுக் கதிராக நின்றது. பறித்துக் கொண்டு மாடிக்கு வந்தவள் என் தொட்டிகளைப் பார்த்தாள். "இதுவும் பூளைப்பூ மாதிரிதானே இருக்கு? அது சும்மா வளருது, இதுக்கு மட்டும் நீங்க நர்ஸு வேலை பார்க்கறீங்க." உறவு ஒன்றும் இல்லை என்று விளக்கினேன். சிறுபூளை கீரைக் குடும்பம். அதாவது என்னை ஏமாற்றிய தண்டுக்கீரைக்குத்தான் அது சொந்தம். அவள் சிரித்ததில் மாடி அதிர்ந்தது.

பிப்ரவரி, மார்ச்சில் இரண்டு செடிகள் என் கைத்தவறால் அழுகின. அன்பு மிகுதியில் தட்டில் தண்ணீரை விட்டுவிட்டுப் போய்விட்டேன். ஒரு செடியை, 'ஈ' என்று அட்டை கட்டி, பிப்ரவரியிலேயே ஏலகிரியில் குடியிருக்கும் என் பழைய சக ஆசிரியரிடம் கொடுத்திருந்தேன். மார்ச் கடைசி பத்து நாளில் மூன்று செடிகள் அடுத்தடுத்துச் செத்தன. இவை மூன்றுக்கும் நல்ல மண், இரட்டைத் தொட்டி, அளவான தண்ணீர் எல்லாம் இருந்தன. நோட்டைப் புரட்டினால், அந்த வாரம்தான் மாடியில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் 24-ஐத் தாண்டியிருக்கிறது. எழுதி வைத்திருந்தேன், ஆனால் கவனிக்கவில்லை. என் கண் முழுக்க மதிய வெப்பத்தின் மேலேயே இருந்தது.

ஏப்ரலில் கையில் மூன்று. இனிமேலாவது ஒழுங்காகச் செய்யலாம் என்று மூன்றையும் மூன்று விதமாக வைத்தேன்.

'அ' மாடியிலேயே, இரட்டைத் தொட்டியில், பாதி வெயிலை மறைக்கும் பச்சை வலைக்குக் கீழே.

'ஆ' ஃப்ரிட்ஜுக்குள். இது கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். ஆனால் ஆல்ப்ஸில் இந்தச் செடி பல மாதம் பனிக்கடியில், இருட்டில், உறைநிலையை ஒட்டிய குளிரில் தூங்குகிறது. மேல் இலை காய்ந்து, அடிக்கட்டை மட்டும் உயிரோடு இருக்கும். அதன் குளிர்காலத்தை நம் கோடைக்கு மாற்றிவிட்டால் என்ன? பத்து நாள் தண்ணீரைக் குறைத்து, ஏப்ரல் 20 அன்று தொட்டியோடு 4 டிகிரியில் வைத்தேன். மே மாதம் மாம்பழம் வந்தபோது இடத்துக்குச் சண்டை நடந்தது. அதை விடுகிறேன்.

'இ' தினமும் பயணம் போனது. பகலில் கிழக்குப் பால்கனி, இரவு ஒன்பது மணிக்கு மேல் எங்கள் படுக்கையறையில் 24-இல் வைத்த ஏசி. யோசனை அக்கா மகனுடையது. "செத்துப் போன எங்கம்மா இந்த ஏசியைக் கண்ணாலகூடப் பார்க்கலை" என்று அவள் முணுமுணுத்தாள். ஆனால் நான் மறந்த இரண்டு நாள் தொட்டியை உள்ளே எடுத்து வைத்தது அவள்தான்.

'அ' செத்த கதையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். அக்னி நட்சத்திரம் தொடங்கி எட்டாம் நாள். அன்று அதிகாலை குறைந்தபட்சமே 28. அதே வாரம் ஏலகிரிக்குப் போன் செய்தேன். 'ஈ' எப்படி இருக்கிறது? "ஜம்முனு இருக்கு சார். மதியம் வரைக்கும் நேர் வெயில்லதான் வச்சிருக்கேன். பகல்ல முப்பத்தஞ்சு போவுது, ராத்திரி இருபது, இருபத்தொண்ணு." ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற ஊர். பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஆறேழு டிகிரி குறையும்.

போனை வைத்துவிட்டு நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். ஏலகிரிச் செடி 35 டிகிரியில், நேர் வெயிலில், சாதாரண மண்தொட்டியில் உயிரோடு. என் செடி நிழலில், 30 டிகிரி வேர்ச்சூட்டில், ராஜ உபசாரத்தோடு பிணம். பகலை வைத்துப் பார்த்தால் சாக வேண்டியது ஏலகிரிச் செடிதான். வித்தியாசம் இரவில் இருந்தது.

விஷயம் இப்படி. பச்சை இலை பகலில் வெளிச்சத்தை வைத்துச் சர்க்கரை தயாரிக்கிறது. இரவு பகல் பார்க்காமல் சுவாசிக்கவும் செய்கிறது, அதற்கு அந்தச் சர்க்கரையைத்தான் செலவழிக்க வேண்டும். பொதுவாக வெப்பம் பத்து டிகிரி ஏறினால் சுவாசம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். ஆல்ப்ஸில் கோடை இரவு 7 டிகிரி என்று வையுங்கள். வேலூர் மாடியில் 27. இருபது டிகிரி ஏற்றம், செலவு நான்கு மடங்கு. போதாததற்கு ஆல்ப்ஸின் ஜூன் மாதப் பகல் பதினைந்தரை மணி நேரத்துக்கும் மேல், இரவு எட்டரை மணி நேரத்துக்கும் குறைவு. நம் ஊரில் ஜூன் மாதத்திலேயே பகல் பதின்மூன்று மணி நேரத்தைத் தொடாது. சம்பாதிக்கிற நேரம் குறைவு, செலவழிக்கிற நேரம் அதிகம், செலவு விகிதமோ நான்கு பங்கு. மாசக் கடைசியில் கையில் என்ன மிஞ்சும்? மார்ச் கடைசியில் இருந்து செடி தன் சேமிப்பைத் தின்றே வாழ்ந்திருக்கிறது. வேர்நுனி புதுப்பிக்கவும் இருப்பு இல்லாமல் போனபோது, வேர் அழுகி, ஒரே இரவில் சாய்ந்த மாதிரி நமக்குத் தெரிகிறது. உண்மையில் ஆறு வாரமாகச் செத்துக்கொண்டிருந்தது.

என் இரட்டைத் தொட்டி மட்டும் ஏன் உதவவில்லை? ஆவியாதல் மதியம் காற்று உலர்ந்திருக்கும்போது நன்றாகக் குளிர்விக்கும். இரவில் வெப்பம் இறங்க இறங்கக் காற்றின் ஈரப்பதம் ஏறும், ஆவியாதல் குறையும். ஈரக்குமிழ் வெப்பமானி, அதாவது குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, காட்டும் அளவுக்குக் கீழே எந்தப் பானையும் போகாது, அது நம் மே இரவில் 24, 25-இல் நின்றுவிடும். அதுவும் வேர் மண்ணுக்குத்தான். இலைக்கு அந்தக் குளிர்ச்சியும் இல்லை.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. சாமி 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். மலை மொட்டையாகத்தான் இருக்கிறது. பகல் முழுக்கக் காய்ந்த கருங்கல் ராத்திரி பூரா அந்தச் சூட்டைக் கக்குகிறது என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். என் மாடியின் சிமெண்ட் தளம் இரவு பத்து மணிக்கு 36 காட்டியது. செடிக்குக் கீழேயே ஒரு குட்டி மலையை வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

மற்ற சந்தேகங்களையும் விசாரிக்காமல் விடவில்லை. வெயிலுக்கு அடுத்தபடி தெருவில் எல்லாரும் கை காட்டியது தண்ணீரை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடும் உப்பு நிலத்தடி நீரில் இறங்கிய கதை இந்த மாவட்டங்களில் குழந்தைக்கும் தெரியும், அதனால் எது செத்தாலும் தண்ணீர் மேல் பழி. நான் ஒன்பது செடியில் நாலுக்கு போர் தண்ணீரும் ஐந்துக்குச் சேமித்த மழைநீரும் கொடுத்து வந்தேன். சாவு இரண்டு பக்கமும் பாரபட்சம் பார்க்கவில்லை. எங்கள் போர் தண்ணீர் கடினநீர், சுண்ணாம்பு அதிகம். குழாயில் வெள்ளையாகப் படியுமே, அதுதான். இந்தச் செடிக்கு அது பெரிய குறை இல்லை, அது சுண்ணாம்புப் பாறையில் பிறந்தது.

'இ' என் வாதத்துக்கு நல்ல சாட்சி. அது வேர்க்குளிர்ச்சி ஏதும் இல்லாத சாதாரணத் தொட்டி. பால்கனியில் பகலில் 38 வரை பார்த்தது. ஆனாலும் மே முழுக்கப் புது இலை விட்டது. ஜூன் 15 தர்மபுரியில் ஒரு கல்யாணம், நான்கு நாள் போக வேண்டி வந்தது. பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவி கொடுத்து, ராத்திரி உள்ளே வை, ஏசி போடு, தட்டில் அரை டம்ளர் தண்ணி, அவ்வளவுதான் என்று இரண்டு தடவை சொன்னேன். திரும்பி வந்தால், "தாத்தா, செடி பாவமா இருந்துச்சு. தலைக்கு ரெண்டு சொம்பு ஊத்தினேன், நாலு நாளும்" என்று பெருமையாகச் சொல்கிறான். அவனை என்னவென்று திட்டுவது? நான் செய்ததையேதான் அவனும் செய்திருக்கிறான். ரோமம் தண்ணீரைத் துளித்துளியாகப் பிடித்து வைத்திருந்தது. கழுத்தில் வெள்ளை நூல் படர்ந்து, அதில் கடுகு கடுகாகப் பழுப்பு உருண்டைகள். மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிற எந்தக் குடியானவனும் பார்த்ததும் சொல்லிவிடுவான், தண்டழுகல். ஸ்கிலிரோஷியம் பூஞ்சை. சூடும் ஈரமும் சேர்ந்தால் துள்ளும். என் இலைமக்கில் வந்திருக்கும். மக்கை வெயிலில் பாலித்தீன் போர்த்திப் புழுக்கி எடுத்திருந்தால் தவிர்த்திருக்கலாம், சோம்பல்பட்டேன். ஜூன் 19 'இ'யின் கணக்கு முடிந்தது.

'ஆ' ஜூன் 30 ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வந்தது. வெளி இலைகளில் சாம்பல் பூஞ்சை. குளிரிலும் வளரக்கூடிய ஆசாமி அது. அழுகிய இலையைக் கிள்ளி எடுத்தால் நடுவில் பச்சையாக இரண்டு மொட்டு. பத்து வாரம் தூங்கி எழுந்திருக்கிறது! அன்று சாயங்காலம் நான் இரண்டு காபி குடித்தேன். மொட்டு விரிந்து நான்கு இலை வந்தது. மே வெயில் முடிந்துவிட்டது, ஜூலையில் மேகம், அவ்வப்போது சாயங்கால மழை. பகலில் 34, 35. ஆனால் இரவு 25, 26-ஐ விட்டு இறங்கவே இல்லை. ஆகஸ்ட் 6 அது 'அ' மாதிரியே போனது: வாடாமல், கருகாமல், கையோடு கழன்று. 'ஏன்' என்று மே மாதம் எழுதியதற்கு நேர் எதிரே அன்றுதான் "இரவு" என்று எழுதினேன்.

நான்கு தொட்டியை வைத்துக்கொண்டு சட்டம் எழுத முடியாது என்று என் மாணவர்களுக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் நான்கும் ஒரே திசையைக் காட்டுகின்றன. சமவெளியில் யாராவது முயல்வதாக இருந்தால், நிழல் வலைக்குச் செலவழிக்காதீர்கள். எடல்வைஸ் வெயில் குடிக்கும் செடி, நிழலில் வைத்தால் சம்பாத்தியம் இன்னும் குறையும். அக்டோபர் நடுவில் விதைத்து, மார்ச் பாதி வரை அதை ஒரு குளிர்காலச் செடியாக நினைத்து ரசியுங்கள். அதற்கப்புறம் இரவை 20-க்குப் பக்கத்தில் வைத்திருக்க வழியிருந்தால் மட்டும் தொடருங்கள். பூ கிடைக்குமா? விதையிலிருந்து வந்த செடி வழக்கமாக இரண்டாம் வருஷம் பூக்கும், நடுவில் ஒரு நிஜமான குளிர்காலம் கிடைத்தால். அந்தக் குளிர்காலம் நம்மிடம் ஃப்ரிட்ஜுக்குள் மட்டும்தான் இருக்கிறது.

நிஜமாகப் பூ பார்க்க வேண்டும் என்பவர்கள் ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில், மழைக்குக் கூரை போட்டு முயலலாம். அங்கே புல்வெளிகளில் அனபாலிஸ் என்று ஒரு வெண்ரோமச் செடி தானாகவே வளர்கிறது. ஓர் இனத்தின் பெயரிலேயே நீலகிரி இருக்கிறது. எடல்வைஸுக்கு நெருங்கிய பங்காளி. ஜாவாத் தீவில் அனபாலிஸின் ஒரு இனத்தைத்தான் ஜாவா எடல்வைஸ் என்கிறார்கள். நம் பங்காளிச் செடியை யாரும் காசில் அச்சடிக்கவில்லை, அவ்வளவுதான்.

'ஈ' இன்னும் ஏலகிரியில் இருக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வருகிறது என்றதும் நண்பர் தொட்டியைச் சன்ஷேடுக்குக் கீழே இழுத்து வைத்துக் காப்பாற்றினார். பூக்கவில்லை. ரோமம் குறைந்து, பச்சை கூடி, காசில் இருக்கிற படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் ஒரு களைச்செடி மாதிரி நிற்கிறது. வந்து போகிறவர்கள் கேட்டால் "வேலூர் வாத்தியார் செடி" என்று சொல்கிறாராம். மிச்சமிருந்த விதையையும் ஊறுகாய் டப்பாவோடு அவரிடமே கொடுத்துவிட்டேன். இரட்டைத் தொட்டியில் இப்போது வீட்டில் புதினா வைத்திருக்கிறாள். மே மாதத்திலும் தளதளவென்று வருகிறது.